பிணமில்லாத ஒப்பாரி

முத்துச்செல்வத்தின் பாட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சரணம் வளர்ந்திருந்தது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே கைப்பேசியில் அதைப் போட்டுக் கேட்பது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. தன் பாட்டைத் தானே ரசிப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பத்துப் பதினைந்து வருஷமாக ஊர் ஊராகக் கோவில் கொடைத் திருவிழாக்களில் கீபோர்டு வாசித்தவன் அவன். முன்னால் நின்று பாடுகிறவனுக்கு மாலை விழும். பின்னால் நின்று வாசிக்கிறவனுக்குக் கொசுக்கடிதான் மிச்சம். இப்போது தென்காசி ஆட்டோக்களில் அவன் பாட்டு ஓடுகிறது. குற்றாலத்துச் சிப்ஸ் கடைகளில் எண்ணெய் இரைகிற சத்தத்துக்கு மேலே அது கேட்கிறது. முகம் தெரியாத பிள்ளைகள் அதற்கு ஆடி வீடியோ போடுகிறார்கள்.

அது எங்கே முடியும் என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். இரண்டாவது சரணம் முடிந்ததும் உறுமி ஒரு தேய்ப்புத் தேய்த்து அடங்கும், அவ்வளவுதான். இன்றைக்கு உறுமி அடங்கவில்லை. வாய் நிறைய நுரையோடு அவன் நிற்க, சொக்கம்மாள் அத்தையின் குரல் அவள் ஒருநாளும் பாடாத ஒன்றைப் பாடியது.

பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு
பலாச்சுளை தின்னவரே
வெட்டின கத்தியிலே
வெளுத்த சுளை செவந்ததென்ன

நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு முதலில் தோன்றியது அதுதான். அதற்கப்புறம்தான் இதை யார் பாடியது என்று தோன்றியது.

அந்தப் பாட்டு பிறந்த கதை சின்னதுதான். போன மாதம் கீழப்பாவூரில் அவன் பெரியப்பா இறந்துபோனார். அப்பாவின் தங்கை சொக்கம்மாள் வந்து விழுந்து அழுதாள் பாருங்கள், பந்தலில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் துண்டை வாயில் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் அவளைப்போல ஒப்பாரி வைக்க ஆள் கிடையாது. எல்லாரும் அழுதபோது முத்துச்செல்வம் மட்டும் பந்தக்காலுக்குப் பின்னால் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். இதற்கு முன்பு இரண்டு தடவை அவளைத் தன் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டுப் பாடச் சொல்லியிருக்கிறான். “சும்மா கெடக்க வீட்ல ஒப்பாரி வைக்கச் சொல்லுதியே, ஒனக்குக் கூறு இருக்காலே?” என்று இரண்டு தடவையும் விரட்டிவிட்டாள். பிணம் கிடக்காத இடத்தில் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. அது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் குளிக்கக்கூட இல்லை, நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். “எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்து தலைக்கு ஊத்தாம அதத் தொடுதிய. அதுக்கும் தீட்டு ஒட்டிரப் போவுது” என்று ஜெயசித்ரா கேலி செய்தாள். அவன் மனைவி. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரிப் பூவேலை செய்கிறவள். நாள் முழுக்கச் சட்டத்தில் குனிந்து ஊசியால் குத்திக்கொண்டிருந்தாலும் வாய் மட்டும் ஓயாது. தன்னந்தனியாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்கென்றே வந்திருக்கும் ஒரு தளத்தில் அவன் அந்தக் குரலை ஏற்றினான். குரலைக் கொடுத்துவிட்டால் போதும். செயற்கை நுண்ணறிவு அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, தாளம் சேர்த்து, அட்டைப்படம் போட்டு, உலகத்தில் இருக்கிற எல்லாப் பாட்டுச் செயலிகளுக்கும் அனுப்பி வைத்துவிடும். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. ‘உங்கள் பாடலை நாங்களே தொடர்ந்து வளர்க்கலாமா?’ என்று கேட்டது. வளர்த்தால் நல்லதுதானே என்று அவன் அதைத் தொட்டான்.

ஆக, இதுதான் அந்த வளர்ச்சி. அப்படிச் சொல்லிக்கொண்டு வாயைக் கொப்பளித்தான்.

பகல் உச்சிக்கு வந்தபோது குற்றாலத்துக்குக் கிளம்பினான். குளிக்க என்று ஜெயசித்ராவிடம் சொன்னான். உண்மையில் கடைத்தெருவில் தன் பாட்டு ஓடுவதைக் கேட்கத்தான் போனான். சாரல் கண்ணுக்குத் தெரியாமல் விழுந்து சட்டையை நனைத்தது. மெயினருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்க விடவில்லை, அதனால் அத்தனை கூட்டமும் கடைகளில் நெருக்கியடித்தது. தைல வாடை, நேந்திரங்காய் பொரிகிற வாடை, ஈரத் துண்டு வாடை, எல்லாவற்றுக்கும் மேலே பலாப்பழம். குத்தாலிங்கம் அண்ணாச்சியின் தள்ளுவண்டியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று தொங்கியது. அதில் அவன் பாட்டு.

“வாங்க தம்பி, ஒங்க பாட்டுதான்” என்று சிரித்தார் குத்தாலிங்கம். பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவியிருந்தார். பிள்ளைகளைக் கண்டால் காசு வாங்காமல் ஒரு சுளை கொடுக்கிற மனுஷன். யாரிடமும் உரக்கப் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

வண்டிக்கு அந்தப் பக்கம், தலை துவட்டாத ஒரு ஆள் சுளைக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றார். வெளியூர்க்காரர். பச்சைச் சட்டை.

முத்துச்செல்வம் அதைப் பார்த்தான். என்ன சொல்வது? சட்டையைக் கழற்றுங்கள் என்றா? ஸ்பீக்கரில் மூன்றாவது சரணம் தொடங்கியது. குத்தாலிங்கம் ஒரு சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி அந்த ஆளின் கையில் வைத்தார். அவர் அதை வாயில் போட்டு மெல்லும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தியைக் கழுத்தில் இறக்கினார்.

கோபம் இல்லை. முகத்தில் அதே சிரிப்பின் மிச்சம் இருந்தது. இரண்டாவது வெட்டுக்குத் தாடை தனியாகத் தொங்கியது. அந்த ஆள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார், வாயிலிருந்து மஞ்சள் சுளை இரத்தத்தோடு வழிந்து சட்டையில் விழுந்தது. மூன்றாவது. நான்காவது. வெட்டுகள் எல்லாம் உறுமியின் அடிமேலேயே விழுந்தன. ஒன்றுகூடத் தாளம் தப்பவில்லை. முத்துச்செல்வம் கூட்டத்தில் இருந்த ஒரே பாட்டுக்காரன், ஆகவே அவனுக்கு மட்டும் அது தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவன் காலை நகரவிடாமல் செய்தது. குத்தாலிங்கம் கத்தியைத் துடைத்து வண்டியில் வைத்தார். ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செத்தவரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எண்ணெய்க் கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல, அந்த மெட்டில் அழத் தொடங்கினார்.

அன்று மாலை முத்துச்செல்வம் அந்தத் தளத்தில் தன் பாட்டை நீக்கும் வழியைத் தேடினான். அவசரத்தில் இரண்டு தடவை தவறான இடத்தைத் தொட்டான். உதவிக்கு என்று ஒரு சின்னப் பெட்டி திறந்து நல்ல தமிழில் பேசியது. ‘உங்கள் பாடல் மிகச் சிறப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது, வாழ்த்துகள்! நீக்கக் கோரியதைப் பதிவுசெய்துள்ளோம். ஏற்கெனவே அனுப்பிய பிரதிகளைத் திரும்பப் பெறச் சில நாட்கள் ஆகலாம்.’ அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘நான்காவது சரணம் தயாராகிறது.’

“அந்தாளுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கும். பாட்டு என்னங்க செய்யும்?” என்றாள் ஜெயசித்ரா. சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நுனிகள் ஊசிபட்டுக் காய்த்துப் போயிருக்கும். அந்தச் சொரசொரப்பு அவனுக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு ஏன் அப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. வந்தது, போகவில்லை.

விடிந்ததும் பாவூர்சத்திரத்துக்கு வண்டியை விட்டான். சொக்கம்மாள் காய்கறி மார்க்கெட்டில் ஒரு வெங்காயக் கடையில் வேலை செய்கிறாள். லாரிகளும் டெம்போக்களும் ஹாரன் அடித்துக்கொண்டு பின்வாங்க, சாக்கு நனைந்த வாடையும் அழுகின தக்காளி வாடையும் காலுக்கடியில் சகதியாய்க் கிடந்தன. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்தைத் தாள் கிள்ளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவன் அத்தையைத் தனியே கூப்பிட்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, பாட்டைப் போட்டான்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வந்தது.

“கொரலு என் கொரலுதாம்லே” என்றாள் கடைசியில். “ஆனா மூச்சு எங்கன வாங்குதா இவ? நானும் பாக்கேன், ஒரு எடத்துலகூட மூச்சு வாங்கலையே.”

அவன் இத்தனை நாள் அதைக் கவனித்ததே இல்லை. அவன் நேற்றுக் கண்டதைச் சொன்னான். அவள் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே போட்டாள்.

“பெரியப்பாவுக்கு அழுதத நீ எடுத்தது தப்புதான், அதக்கூட வுட்ருவேன். அவரு கெடந்தாரு, நான் அழுதேன். இந்த எந்திரம் யாருக்குலே அழுது? முன்னால யாரு கெடக்கா?”

“யாரும் இல்ல அத்தை.”

“அழத் தொடங்கிட்டா பொணம் வேணுமில்லா. இல்லேன்னா அது உண்டாக்கிக்கிடும்.” அவள் எழுந்து நின்றாள். “நிறுத்துலே. எப்பிடியாவது நிறுத்து.”

“நீக்கச் சொல்லியிருக்கேன் அத்தை. சில நாளாவும்னு சொல்லுதான்.”

“சில நாளா?” என்றாள் அவள்.

அப்போது வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த டெம்போவில் பாட்டு ஓடத் தொடங்கியது. முதலிரண்டு சரணம் போனது. பச்சைச் சட்டை போனது. அவள் குரலே அவளைப் பார்த்துப் பாடியது.

வெங்காயம் ஆய்ஞ்ச கையி
வெறுங்கையாக் கெடக்குதே
சாக்குலே மாட்டுங் கொக்கி
சங்குலே மாட்டினதென்ன

“ஏலே செல்வம்,” என்றாள் சொக்கம்மாள், மெதுவாக. “இது என்னையத்தாம்லே அழுது.”

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டு ஓட நாலடி வைத்திருப்பான். பின்னாலிருந்து மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் சாவகாசமாக வந்து, மூட்டையில் மாட்டுகிற மாதிரியே, இரும்புக் கொக்கியை அவள் தொண்டையில் மாட்டினார். முத்துச்செல்வத்தின் கையில் அவள் கை இருந்தது. அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. கை நழுவியது. மூட்டையை இழுப்பதுபோல அவளைச் சகதியில் தரதரவென்று இழுத்தார் அந்த ஆள். அவள் குதிகால்கள் சகதியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டே போயின. கத்த வாய் திறந்தாள், சத்தம் தொண்டை ஓட்டை வழியாகக் கொப்பளித்தது. அவர் கொக்கியை உருவி மறுபடி மாட்டினார். மறுபடி. உறுமி தேய்த்தது.

முத்துச்செல்வம் அந்த ஆளின் முதுகில் ஏறி விழுந்தான். குத்தினான், கடித்தான், தலைமயிரைப் பிடித்து இழுத்தான். ஈயை ஓட்டுவதுபோல அவர் அவனை உதறிவிட்டார். வேலை முடிந்ததும் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். வெங்காயம் ஆய்ந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடி, அந்த மெட்டை எடுத்தார்கள். யாரும் மூச்சு வாங்கவில்லை.

அவன் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.

‘ஐந்தாவது சரணம் தயார்! இன்று மாலை வெளியாகிறது. பாடலின் உரிமையாளருக்கு மட்டும் முன்னோட்டம்.’ அந்தத் தளத்தின் வழக்கம் அது. வெளியாகும்முன் பாதியைத்தான் கேட்க விடும். இரத்தம் பட்ட விரலால் அதைத் தொட்டான்.

ஆரி ஊசி புடிச்ச கையே
அசையாமக் கெடப்பதென்ன

அதோடு நின்றது. மீதி மாலையில்.

தென்காசிவரை எப்படி வண்டி ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சாரல் முகத்தில் ஊசியாய்க் குத்தியது. எதிரே வந்த ஒவ்வொரு ஆளையும் பார்த்தான். பேருந்து ஓட்டுநர், இளநீர் வெட்டுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை. இவர்களில் யார்? யாராகவும் இருக்கலாம். பாட்டு எல்லார் காதிலும் இருக்கிறது. போகிற வழியில் நிறுத்தி மச்சானுக்குப் போன் செய்தான். ஜெயசித்ராவின் அண்ணன் சுந்தரபாண்டியன், போலீஸில் ஏட்டு, குடும்பத்தோடு சிவகிரியில் இருக்கிறான். தங்கைக்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பவன்.

“மச்சான், சித்ராவ யாரோ கொல்ல வாராவ. ஒடனே கெளம்பி வாங்க.”

“பதறாதிய மாப்ள. வந்துட்டே இருக்கேன்” என்றான் சுந்தரபாண்டியன். அந்தக் கனத்த குரலைக் கேட்டபோதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

வீடு மாடிவீடு. மாடியில் ஸ்டூடியோ என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சின்ன அறை. கோவில் ஒலிபெருக்கியும் தெரு நாயும் பாட்டுக்குள் புகுந்துவிடாமல் இருக்க, சுவரெல்லாம் பஞ்சுப்பலகை அடித்து, இரட்டைக் கதவு போட்டு, ஜன்னலே வைக்காமல் கட்டியது. உள்ளே இருந்தால் வெளியே கொட்டு மேளம் அடித்தாலும் கேட்காது. பாட்டு நுழைய முடியாத இடம் என்று இந்த ஊரில் ஒன்று இருந்தால் அது அதுதான்.

ஜெயசித்ரா அவன் சட்டையில் இருந்த இரத்தத்தைப் பார்த்து அலறினாள். அவன் விளக்கம் சொல்லவில்லை. அவள் கைப்பேசியைப் பிடுங்கி உடைத்தான். இணையப் பெட்டியைச் சுவரோடு பிய்த்தான். அவளை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“ஏங்க, நாளைக்கு முகூர்த்தம், ரவிக்கை குடுக்கணும். சட்டத்தையாவது எடுத்துக்கிடுதேன்” என்றாள். அவன் சட்டத்தையும் ஊசிப் பெட்டியையும் தூக்கிக் கொடுத்தான்.

“நான் திறக்கிற வரைக்கும் வெளிய வராத. யாரு கூப்பிட்டாலும்.”

“நீங்க?”

“நான் வாசல்ல இருக்கேன்டி.”

வெளியே இருந்து பூட்டினான். தேங்காய் வெட்ட வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நின்றான். மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. நின்ற இடத்திலிருந்தே அது வழியாகத் தெரு தெரிந்தது. எவன் வந்தாலும் இந்தப் படி ஏறித்தான் வரவேண்டும். வரட்டும்.

மழைமூட்டத்தில் மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருந்தது.

முதலில் வந்தது ஒரு வேன். பின்கதவைத் திறந்து நாலு பேர் எதையோ இறக்கினார்கள். நீளமாக, கண்ணாடி மூடி போட்டு. ஐஸ் பெட்டி. அவன் வீட்டு வாசலுக்குள் கொண்டுவந்து வைத்து, ஒயரை இழுத்துச் சொருகினார்கள். அது இரையும் சத்தம் படி ஏறி வந்தது.

அடுத்தது சின்ன லாரி. நாற்காலிகள். பந்தல் கம்பு. தார்ப்பாய். பையன்கள் சுறுசுறுப்பாகத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். ஆட்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஒருவரையொருவர் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். அவனுக்குத் தெரிந்தவர்கள். தெருக்காரர்கள். கச்சேரியில் தபலா வாசிக்கிறவர்கூட இருந்தார். ஒருவர் கையிலும் கத்தி இல்லை, கம்பு இல்லை. துக்கத்துக்கு வந்திருந்தார்கள்.

அடுத்த வீட்டு லோகநாயகி அக்கா படி ஏறி வந்தாள். கையில் டம்ளர்.

“கடுங்காப்பி போட்டேன். குடிங்க தம்பி. காலையிலிருந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டிய.”

“கிட்ட வராதிய!” அரிவாளை ஓங்கினான். “எதுக்கு வந்திருக்கிய எல்லாரும்? இங்க யாரும் சாவல!”

“சரி, சரி” என்றாள் அவள் கனிவாக. டம்ளரைப் படியில் வைத்தாள். “ஆறதுக்குள்ள குடிங்க. ஒங்களுக்குத் தெம்பு வேணுமில்லா.”

தெருக்கோடியில் சங்கு ஊதியது. சேகண்டி அடித்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிறார்கள், நீர்மாலை. நாலு பேர் வெள்ளை வேட்டியை விரித்து நாலு மூலையையும் தூக்கிப் பிடிக்க, அதன் கீழே ஈரத்தோடு குடங்கள் வந்தன. பிணத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர். பிணம் இன்னும் உள்ளே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தது.

அப்படி நினைத்தான். நினைத்துவிட்டு, தலையைக் கதவில் முட்டிக்கொண்டான். பிணம் இல்லை. சித்ரா. சித்ரா.

குடங்களுக்குப் பின்னால் சுந்தரபாண்டியன் வந்தான். நனைந்த காக்கிச் சட்டை. முகம் அழுது வீங்கியிருந்தது. இரண்டு கையிலும் ஏந்தினாற்போல, மடிப்புக் கலையாத புதுச்சேலை, பிணத்துக்குப் போர்த்துகிற கோடி.

“மச்சான்!” என்று கத்தினான் முத்துச்செல்வம். “மச்சான், இவங்கள வெரட்டுங்க!”

சுந்தரபாண்டியன் படி ஏறி வந்து நின்றான். “பொறந்த வீட்டுக் கோடி கொண்டாந்திருக்கேன் மாப்ள. எங்கன வைக்க?”

“அவ உசுரோட இருக்கா மச்சான். உள்ள இருக்கா. தச்சிக்கிட்டு இருக்கா.”

“தெரியும் மாப்ள.” அவன் தலையாட்டினான். கண்ணீர் வழிந்தது. “அவசரமில்ல. நாங்க இருக்கோம்.”

கீழே பெண்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டார்கள். யாரோ பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தார்கள். குளிர் கிளம்பிப் படியேறி அவன் காலைத் தொட்டது.

பொழுது சாய்ந்ததும் பாட்டை எடுத்தார்கள்.

ஆரி ஊசி புடிச்ச கையே
அசையாமக் கெடப்பதென்ன
காத்தும் புகா அறைக்குள்ளே
கட்டினவன் வெட்டினானே

அவன் கேட்டான். ஒரு தடவை கேட்டான், புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது.

அரிவாளைப் படியில் வீசி எறிந்தான். அது தடதடவென்று விழுந்து கீழே ஒரு பெரியவர் காலடியில் கிடந்தது. அவர் குனிந்து எடுத்தார். துண்டால் துடைத்தார். மேல்படியில் வந்து நின்றவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். கைமாறிக் கைமாறி அது மேலே வந்தது. யாரும் அவசரப்படவில்லை. சுந்தரபாண்டியன் கடைசியாக வாங்கினான். பிடியைத் திருப்பி முத்துச்செல்வத்தின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

“வேண்டாம் மச்சான்.”

“நாங்க இருக்கோம்.”

“அவ ஒங்க தங்கச்சி.”

“நாங்க இருக்கோம் மாப்ள.”

முதுகில் ஏதோ தட்டியது. கதவு. உள்ளேயிருந்து அவள் தட்டுகிறாள். சத்தம் வெளியே வராது, அதிர்வு மட்டும் மரத்தில் வந்தது. டக். டக். அவளுக்கு ஒன்றும் கேட்காது. ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டு ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது.

அவன் பல்லைக் கடித்தான். உதட்டைக் கடித்தான், இரத்தம் வந்தது. கால் தாளம் போட்டது. நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. கை பூட்டைத் திறந்துகொண்டிருந்தது. யார் கை? அவன் கைதான்.

வெளிக்கதவு. உள்கதவு.

வெளிச்சம். ஜெயசித்ரா எழுந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்.

“எவ்வளவு நேரமுங்க? பயந்தே போயிட்டேன்” என்றாள். “ஒரு கை முடிஞ்சிட்டு. பாருங்க.”

பொன்னிற ஜரிகைப் பூப்போட்ட ரவிக்கைக் கையை விரித்து அவனுக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.

கீழே அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாட்டை நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள்.

கதவைச் சாத்துடி என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். வந்தது அந்த மெட்டு.

முதல் வெட்டு அவள் நீட்டிய கையில் விழுந்தது. கீழே பாட்டைத் திரும்ப எடுத்தார்கள்.